ஆஸ்கர் 2023: நாமினேஷன் கணிப்பும் கணக்குத் தீர்ப்பும்

எங்கள் இணைய சினிமாக் குழுவில் காலைக்காட்சி என்ற பெயரில் எழுதும் தம்பி எழுதியது, 22 டிசம்பர் 2022

ஷார்ட்லிஸ்ட், அதாவது நாமினேஷனுக்கு முந்தைய சுருக்கப்பட்டியல், வந்துவிட்டது. ஆர்ஆர்ஆர் பாட்டுப் பிரிவில் மட்டும்தான் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். ஷார்ட்லிஸ்ட் என்பதே பத்துப் பிரிவுகளுக்குத்தான். சிறந்த படம், இயக்குநர், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் நேரே ஜனவரி 24 அன்றுதான் தெரியும். அமெரிக்காவில் தியேட்டருக்குள் எழுந்து ஆடுகிறார்கள். குறைந்தது ஐந்து நாமினேஷன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் என்ன சொல்கிறார்?

22 டிசம்பர், இரவு

எழுதி வைத்துக்கொண்டேன் தம்பி. என் கணக்கு ஒன்றே ஒன்று. அந்த நாட்டு நாட்டுப் பாட்டு.

ஷார்ட்லிஸ்ட்டில் ஆர்ஆர்ஆர் எங்கே இல்லை என்று பாருங்கள். விஷுவல் எஃபெக்ட்ஸ் பத்துப் படங்களில் இல்லை. ஒலிப் பிரிவின் பத்திலும் இல்லை. பின்னணி இசைக்குப் பதினைந்து படங்கள், அதிலும் இல்லை. புலியும் ஓநாயும் ஒரே நேரத்தில் லாரியிலிருந்து குதிக்கிற படத்துக்கு எஃபெக்ட்ஸ்காரர்களே கை தூக்கவில்லை என்றால், ஒளிப்பதிவாளர்களும் எடிட்டர்களும் எங்கிருந்து தூக்குவார்கள்? ராஜமௌலிக்கு நியூயார்க் விமர்சகர் வட்டம் சிறந்த இயக்குநர் விருதை அறிவித்திருக்கிறது, உண்மை. ஆனால் விமர்சகர்களுக்கு ஆஸ்கரில் ஓட்டு இல்லை. நாமினேஷனில் இயக்குநர்களுக்கு இயக்குநர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள், நடிகர்களுக்கு நடிகர்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லாரும்.

இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாக இதை அனுப்பியிருந்தால் வெளிநாட்டுப் பட்டியலில் வந்திருக்கும் என்கிறீர்கள். வந்திருக்கலாம். அனுப்பியது குஜராத்திப் படமான செல்லோ ஷோ. அது பதினைந்துக்குள் வந்துவிட்டது, ஆகவே தேர்வுக் குழுவை ஒரு மாதத்துக்குத் திட்ட முடியாது. ஆல் தட் ப்ரீத்ஸ், தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ் ஆகிய இரண்டு ஆவணப் படங்களும் ஷார்ட்லிஸ்ட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

10 ஜனவரி 2023

காலையிலிருந்து வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கிறது: "ஆஸ்கர் பட்டியலில் பார்த்திபனின் இரவின் நிழல்!", "ராக்கெட்ரி ஆஸ்கருக்குத் தேர்வு!", "காந்தாரா உள்ளே!"

இது தகுதிப் பட்டியல். மொத்தம் 301 படங்கள். குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் குறிப்பிட்ட நாட்கள் தியேட்டரில் ஓடி, விண்ணப்பம் கொடுத்திருந்தால் இதில் இடம். ஓட்டுப் போடுகிறவர்களுக்கு நினைவூட்டுவதற்காக வெளியிடுவது. இதையே சிலர் ஷார்ட்லிஸ்ட் என்று எழுதிவிட்டார்கள், படம் எடுத்தவர்கள் உட்பட. 2021இல் சூரரைப் போற்று 366 படங்களில் ஒன்று. போன வருடம் ஜெய் பீம் 276இல் ஒன்று. இரண்டு தடவையும் எங்கள் தெருவில் வெடி போட்டார்கள், இரண்டு தடவையும் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஜெய் பீமுக்கு நானும் கொஞ்சம் நம்பினேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் காலைக்காட்சி பழைய இழையைத் தோண்டி எடுப்பார்.

11 ஜனவரி

நாட்டு நாட்டு கோல்டன் குளோப் வாங்கிவிட்டது. ரிஹானாவும் லேடி காகாவும் டெய்லர் ஸ்விஃப்டும் இருந்த பிரிவில்.

காலைக்காட்சி உடனே "பார்த்தீர்களா?" என்று ஒற்றை வரி போட்டிருக்கிறார். பார்த்தேன் தம்பி. குளோப் கொடுப்பவர்கள் பத்திரிகைக்காரர்கள். பாட்டுக்கு ஆஸ்கர் நாமினேஷன் தருவது அகாடமியின் இசைப் பிரிவு. இரண்டு கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நாளை 12ஆம் தேதி நாமினேஷன் ஓட்டு தொடங்குகிறது, 17 வரை. சரியாக முந்தின நாள் உலகம் முழுக்க இந்தப் பாட்டு ஓடுகிறது. இதைவிட நல்ல நேரம் அமையாது.

கீரவாணி மேடையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு 1991தான் ஞாபகம் வந்தது. நமக்கு அவர் மரகதமணி. அழகன் கேசட்டை நாடா அறுந்துபோகும் வரை போட்ட வீடு எங்களுடையது. பாலசந்தர் அவரைக் கூட்டிவந்து அடுத்தடுத்துப் படம் கொடுத்தார், அப்புறம் தமிழில் ஆளையே காணோம். முப்பது வருடம் கழித்து பெவர்லி ஹில்ஸில் பார்க்கிறோம். அழகன் பாட்டுகள் நாட்டு நாட்டைவிட நூறு மடங்கு மேல் என்பது என் கட்சி. யாரும் சண்டைக்கு வரலாம்.

12 ஜனவரி

அதற்குள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். வானமே எல்லையா அழகனா என்று தனி இழை திறவுங்கள் ஐயா, இங்கே வேண்டாம்.

20 ஜனவரி

நேற்று பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டாவின் பட்டியல். ஜெர்மன் படமான ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட்டுக்கு 14. ஆர்ஆர்ஆர் அங்கே வெளிமொழிப் படங்களின் முதல் சுற்றில் இருந்தது, இறுதியில் இல்லை.

இந்தப் பட்டியல் வரும்போது ஆஸ்கர் ஓட்டு முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆகவே இதைப் பார்த்து யாரும் மனம் மாறியிருக்க முடியாது. ஆனாலும் நான் இதைத்தான் உற்றுப் பார்க்கிறேன். லண்டனில் இருக்கிற அகாடமி உறுப்பினர்கள் பலர் இரண்டு இடத்திலும் ஓட்டுப் போடுகிறவர்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடந்திருக்கின்றன. ஒரு கருத்துக்கணிப்பு மாதிரி வைத்துக்கொள்ளலாம். பால் மெஸ்கல் பெயர் இதில் இருக்கிறது, அமெரிக்க நடிகர் சங்கப் பட்டியலில் இல்லை. சிறந்த நடிகருக்கான ஐந்தாவது நாற்காலி அவருக்கா, ஆடம் சாண்ட்லருக்கா, டாம் க்ரூஸுக்கா என்று இரண்டு நாளாகக் குழம்புகிறேன். மெஸ்கல் நடித்த ஆஃப்டர்சன்னை நான் இன்னும் பார்க்கவில்லை.

23 ஜனவரி, இரவு

சரி, பூட்டுகிறேன். இதற்கு மேல் திருத்த மாட்டேன்.

படம்: எவ்ரிதிங் எவ்ரிவேர், பேன்ஷீஸ், ஃபேபல்மன்ஸ், டார், டாப் கன், எல்விஸ், அவதார், ஆல் குவயட். இந்த எட்டும் போட்டியே இல்லாமல். மீதி இரண்டுக்கு தி வேல், விமன் டாக்கிங். தயாரிப்பாளர் சங்கப் பட்டியலில் வகாண்டாவும் கிளாஸ் ஆனியனும் இருந்தன, நான் நம்பவில்லை.

இயக்குநர்: டேனியல்ஸ் இருவர், ஸ்பீல்பெர்க், மெக்டொனா, டாட் ஃபீல்ட், எட்வர்ட் பெர்கர். ஐந்தாவது இடத்தை ஏன் ஜெர்மன்காரருக்குக் கொடுத்தேன் என்றால், சில வருடங்களாக இந்தப் பிரிவில் ஒரு நாற்காலி வெளிநாட்டாருக்குப் போகிறது. பாவ்லிகோவ்ஸ்கி, வின்டர்பெர்க், போன வருடம் ஹமாகுச்சி.

நடிகர்: பட்லர், ஃபேரல், ஃப்ரேசர், பில் நைய், மெஸ்கல்.

நடிகை: பிளான்செட், மிஷெல் யோ, வயோலா டேவிஸ், டேனியல் டெட்வைலர், மிஷெல் வில்லியம்ஸ். அனா டி அர்மாஸ் நடித்த பிளாண்டை நெட்ஃபிளிக்ஸில் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் படத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

துணை நடிகர்: கி ஹுய் குவான், க்ளீசன், கியோகன், பால் டேனோ, எடி ரெட்மெய்ன். துணை நடிகை: பாசெட், கெரி கான்டன், ஜேமி லீ கர்ட்டிஸ், ஹாங் சாவ், டாலி டி லியோன்.

வெளிநாட்டுப் படம்: ஜெர்மனி, அர்ஜென்டினா, பெல்ஜியம், அயர்லாந்து, கொரியா. டிசிஷன் டு லீவ் இந்த வருடம் நான் பார்த்ததிலேயே சிறந்த படம், அது வராவிட்டால் இந்தப் பிரிவை மூடிவிடலாம். செல்லோ ஷோ வராது.

பாட்டு: நாட்டு நாட்டு, ரிஹானா, லேடி காகா, பினோக்கியோவின் சாவ் பாப்பா, டெய்லர் ஸ்விஃப்ட். ஆவணப்பட இரண்டு பிரிவிலும் நம் படங்கள் வரும். தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ் என்ற தெப்பக்காடு யானைப் படத்தை வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம். என் அம்மா ஆவணப்படம் என்றால் எழுந்து போய்விடுவார். பொம்மனும் பெள்ளியும் குட்டியோடு பேசுவதைக் கடைசிவரை பார்த்தார்.

24 ஜனவரி, மாலை 7.40

நாட்டு நாட்டு உள்ளே!!! யானை உள்ளே. ஆல் தட் ப்ரீத்ஸ் உள்ளே. பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தேன், பக்கத்தில் இருந்தவர் ஏதோ கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார்.

ஆண்ட்ரியா ரைஸ்பரோவா? யார் அது? வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

24 ஜனவரி, இரவு

கணக்குத் தீர்ப்பு.

படத்தில் பத்துக்கு ஒன்பது. தி வேல் போய் ட்ரையாங்கிள் ஆஃப் சேட்னஸ் வந்தது. இயக்குநரில் நான்கு. வெளிநாட்டார் நாற்காலி இருந்தது, ஆனால் அதில் உட்கார்ந்தவர் பெர்கர் இல்லை, ஸ்வீடனின் ரூபன் ஆஸ்ட்லுண்ட். ஆல் குவயட்டுக்கு ஒன்பது நாமினேஷன், அதன் இயக்குநருக்கு இல்லை. ஜேம்ஸ் கேமரூனுக்கும் இல்லை, அது எனக்கு ஆச்சரியமில்லை.

நடிகரில் ஐந்துக்கு ஐந்து. ஐந்து பேரும் முதல் தடவை நாமினேஷன் வாங்குகிறவர்கள். மெஸ்கல் வந்தார்!

நடிகையில் மூன்றுதான். டேவிஸ், டெட்வைலர் இருவரும் நடிகர் சங்கப் பட்டியலில் இருந்தவர்கள், இருவரும் வெளியே. உள்ளே வந்தவர்கள் டி அர்மாஸும், டு லெஸ்லி என்ற படத்தில் நடித்த ரைஸ்பரோவும். துணை நடிகரில் டேனோ, ரெட்மெய்ன் போனார்கள். பிரையன் டைரி ஹென்றியும் ஜட் ஹிர்ஷும் வந்தார்கள். ஹிர்ஷுக்கு 87 வயது, முதல் நாமினேஷனுக்கும் இதற்கும் இடையில் 42 வருடம். ஃபேபல்மன்ஸில் சில நிமிடங்கள்தான் வருகிறாராம். துணை நடிகையில் டாலி டி லியோனுக்குப் பதில் ஸ்டெஃபனி சூ.

கொரியப் படம் இல்லை. போலந்தின் கழுதைப் படம் வந்திருக்கிறது. பிரிவை மூடிவிடலாம் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெறப் போவதில்லை.

பாட்டில் மூன்று. டெய்லர் ஸ்விஃப்டும் பினோக்கியோவும் வெளியே. பாடலாசிரியர் டயேன் வாரன் உள்ளே, 14ஆவது தடவை. இந்தப் பெண்மணியின் பெயரை முதலில் எழுதிவிட்டு மீதி நான்கைத் தேட வேண்டும் என்பது பாலர் பாடம், அதைப் போய் விட்டேன். அவர் பாட்டு வந்த படத்தை உலகத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இசைப் பிரிவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எவ்ரிதிங் எவ்ரிவேர் 11, அதுதான் அதிகம். காலைக்காட்சியின் ஐந்தில் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அந்த ஒன்று இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும்போது எதற்குக் கிண்டல் பண்ண வேண்டும். (பண்ணுவேன். நாளைக்கு.)

25 ஜனவரி

தூக்கம் வராமல் ஒன்றைக் கவனித்தேன். நான் எங்கே தவறவிட்டேன், எங்கே பிடித்தேன் என்று இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தேன்.

பிடித்தவை: மெஸ்கல், பில் நைய், ஹாங் சாவ், கெரி கான்டன், அயர்லாந்துப் படம், பெல்ஜியப் படம். இதில் எதையுமே நான் பார்த்ததில்லை. பட்டியல்களை வைத்துக் கூட்டிக் கழித்தேன், அவ்வளவுதான்.

விட்டவை: தி குட் நர்ஸ் பார்த்தேன், ரெட்மெய்ன் பிடித்தது, எழுதினேன், போனார். தி வுமன் கிங் தியேட்டரில் பார்த்தேன், வயோலா டேவிஸைத் தாண்டி ஒருவர் வர முடியுமா என்று நினைத்தேன், போனார். ஆல் குவயட் பார்த்தேன், பெர்கர் போனார். டிசிஷன் டு லீவ் பார்த்தேன், சொல்லவே வேண்டாம். பிளாண்ட் பாதி பார்த்தேன், பிடிக்கவில்லை, எழுதவில்லை, டி அர்மாஸ் வந்தார். எவ்ரிதிங் பார்த்தேன், ஸ்டெஃபனி சூ எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தார், வந்துவிட்டார்.

பார்த்த படத்தில் ஓட்டுப் போடுகிறவன் நானாகிவிடுகிறேன். பார்க்காத படத்தில்தான் அகாடமியில் ஓட்டு இருக்கிற அந்த 1300 நடிகர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கிறேன். அடுத்த வருடம் ஒரு படமும் பார்க்காமல் கணித்தால் நூற்றுக்கு நூறு வரும்போல.

26 ஜனவரி

"அப்படியானால் டாலி டி லியோனும் பால் டேனோவும்? அந்த இரண்டு படமும் நீங்கள் பார்க்கவில்லையே" என்று குழுவில் இருக்கும் ஊட்டிக்காரர் பிடித்திருக்கிறார். சரிதான். விதிக்கு விலக்கு உண்டு. டேனோ விஷயத்தில் நடிகர் சங்கப் பட்டியலை அப்படியே நம்பினேன். ஒரே படத்தில் இருவர் போட்டியிட்டால் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்திருக்கலாம்.

28 ஜனவரி

ரைஸ்பரோ விவகாரம் பெரிதாகிவிட்டது. பிரசாரம் நடந்த விதத்தை மறுபரிசீலனை செய்கிறோம் என்று அகாடமி அறிக்கை விட்டிருக்கிறது. அவர் பெயரைச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒருவர், "பணம் கொடுத்து வாங்கிய நாமினேஷன்" என்று எழுதியிருக்கிறார். இது நேர் எதிர். அந்தப் படத்திடம் பணமே இல்லை. தியேட்டர் வசூல் முப்பதாயிரம் டாலரைத் தொடவில்லை, நம் ஊர் டூரிங் டாக்கீஸே மேல். ஓட்டு நடந்த நாட்களை ஒட்டி கேட் வின்ஸ்லெட், க்வினெத் பால்ட்ரோ, எட்வர்ட் நார்ட்டன் என்று வரிசையாகத் தெரிந்த முகங்கள் அந்த நடிப்பைப் புகழ ஆரம்பித்தார்கள். விமர்சகர் விருது மேடையில் கேட் பிளான்செட்டே அவர் பெயரைச் சொன்னார். தன் போட்டியாளரின் பெயரை!

இது எப்படி வேலை செய்கிறது என்றால், நாமினேஷன் ஓட்டு நம் வார்டு தேர்தல் மாதிரி இல்லை. ஓட்டுப் போடுகிறவர் ஐந்து பெயரை வரிசைப்படி எழுதுகிறார். முதலிடத்தில் எழுதிய பெயர்தான் முதலில் எண்ணப்படும். ஐந்து இடம் இருப்பதால், மொத்த ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆள் உள்ளே. குறைந்த ஓட்டு வாங்கியவரைக் கழித்து, அந்தச் சீட்டுகளில் அடுத்து எழுதியிருக்கும் பெயருக்கு மாற்றுவார்கள். நடிகர் பிரிவில் சுமார் 1300 பேர். அத்தனை பேரும் ஓட்டுப் போட்டாலும் இருநூற்றுச் சொச்சம் முதலிட ஓட்டுப் போதும். ஆயிரம் பேர் "ஆமாம், வயோலா டேவிஸும் நன்றாகத்தான் செய்தார்" என்று நான்காவது இடத்தில் எழுதினால் அது பெரும்பாலும் எண்ணப்படாமலே போகும். இருநூறு பேர் "இவருக்குத்தான்" என்று முதலில் எழுதினால் நாற்காலி.

கறுப்பின நடிகைகள் இருவர் வெளியே நிற்க, வெள்ளைக்கார நட்பு வட்டம் ஒருவரை உள்ளே தள்ளியது என்ற கோபம் நியாயமானதுதான். அதற்கு ரைஸ்பரோவைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டு முறைக்குள் அந்த வழி எப்போதும் திறந்தே இருந்தது.

1 பிப்ரவரி

நாமினேஷன் செல்லும் என்று அகாடமி சொல்லிவிட்டது. சில பிரசார முறைகள் கவலை தருகின்றனவாம், சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் பேசுவார்களாம். எதிர்பார்த்ததுதான்.

27 பிப்ரவரி

நடிகர் சங்க விருது முடிந்தது. எவ்ரிதிங் நான்கு: மொத்த நடிகர் குழு, யோ, குவான், கர்ட்டிஸ். போன வாரம் பாஃப்டாவில் இதே படம் தடுமாறியது, ஆல் குவயட் ஏழு வாங்கியது, பிளான்செட்டும் பட்லரும் ஜெயித்தார்கள். குழப்பம். ஆனால் இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், நடிகர் சங்கம் மூன்றும் ஒரே படத்துக்குப் போனால் அப்புறம் என்ன கணிப்பு.

11 மார்ச்

ஓட்டு 7ஆம் தேதியே முடிந்துவிட்டது. வெற்றியாளர் கணிப்பு, சுருக்கமாக:

படம், இயக்குநர்: எவ்ரிதிங், டேனியல்ஸ். நடிகை யோ. நடிகர் ஃப்ரேசர். தி வேல் பார்க்கவில்லை, ஆகவே நம்பிக்கையோடு சொல்கிறேன். துணை நடிகர் குவான். துணை நடிகை ஏஞ்சலா பாசெட். வெளிநாட்டுப் படம் ஆல் குவயட். பாட்டு நாட்டு நாட்டு. ஆவணப்படம் நவால்னி, ஆல் தட் ப்ரீத்ஸ் எடுத்த ஷௌனக் சென்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. சண்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கிய படம்தான், டெல்லியில் பருந்துகளுக்குக் கட்டுப் போடும் அந்த இரண்டு சகோதரர்களை மறக்க முடியாது. ஆனால் நவால்னி சிறையில் இருக்கிறார், உக்ரைனில் போர் நடக்கிறது.

ஆவணக் குறும்படம்: ஸ்ட்ரேஞ்சர் அட் தி கேட்.

என்னை அடிக்க வராதீர்கள். யானைப் படம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் அனுபவத்தில் அதுவே அபசகுனம். ஜனவரி 25 குறிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் ஸ்ட்ரேஞ்சரில் மலாலா பெயர் இருக்கிறது, யூடியூபில் யாரும் பார்க்கலாம்.

13 மார்ச், காலை 9.15

தெப்பக்காடு!!!

நாட்டு நாட்டு!!!

ஆபீஸுக்குத் தாமதம். இரவு.

13 மார்ச், இரவு

அம்மாவிடம் இனி தலை நிமிர்ந்து பேச முடியாது. "நீ வேற படத்தைத்தானே சொன்னே" என்று காலையிலிருந்து எட்டு தடவை கேட்டுவிட்டார்.

பாசெட் போனார், கர்ட்டிஸ் வாங்கினார். நடிகர் சங்கத்தை முழுக்க நம்பிவிட்டு இந்த ஒரு இடத்தில் மட்டும் என் ஆசையை நுழைத்தேன். வகாண்டாவில் அரசி சிம்மாசனத்தில் இருந்து எழுந்து கத்துகிற காட்சிக்கு நான் தியேட்டரில் கை தட்டியவன், என்ன செய்ய. மற்றவை எல்லாம் சொன்னபடி. எவ்ரிதிங் ஏழு, ஆல் குவயட் நான்கு. ஒன்பது நாமினேஷன் வாங்கிய பேன்ஷீஸுக்கு ஒன்றுமில்லை. எல்விஸ், ஃபேபல்மன்ஸ், டார் மூன்றும் வெறுங்கை. ஃபேபல்மன்ஸுக்கு இசை போட்ட ஜான் வில்லியம்ஸுக்கு இது 53ஆவது நாமினேஷன், பாவம், கைகூடவில்லை.

கீரவாணி கார்பென்டர்ஸ் மெட்டில் நன்றியைப் பாடினார். யானைப் படத் தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வரும்போது வாத்தியத்தைப் போட்டு நிறுத்திவிட்டார்கள். பாட்டு நிகழ்ச்சிக்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது, ஒரு பெண் இரண்டு வரி சொல்ல நேரமில்லை. எரிச்சலாக இருந்தது.

14 மார்ச்

நேற்றே எழுதியிருக்க வேண்டியது. என் "பார்த்தால் சறுக்கும்" விதியை ஊட்டிக்காரர் உடைத்துவிட்டார், நன்றாகவே. அவர் சொல்வது: நாமினேஷன் சுற்றில் ஓட்டுப் போடுகிறவர்கள் அந்தந்தத் தொழில்காரர்கள். அவர்கள் ரசனை நமக்கு எட்டாது. இறுதிச் சுற்றில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், எல்லாப் பிரிவுக்கும். ஆவணக் குறும்படத்துக்கு ஓட்டுப் போடும் மேக்கப் கலைஞரும் விளம்பர மேலாளரும் நம் அம்மா மாதிரிதான் படம் பார்ப்பார்கள். சுமார் நாற்பது நிமிடம், ரகு என்றொரு குட்டி, அதைக் குளிப்பாட்டுகிற இரண்டு பேர். எழுந்து போக மனம் வராது. ஆகவே இறுதிச் சுற்றில், அதுவும் சின்னப் பிரிவுகளில், நமக்குப் பிடித்ததையே எழுத வேண்டும்.

இதில் உண்மை இருக்கிறது. பாசெட் விஷயத்தில் இதே விதி வேலை செய்யவில்லையே என்று கேட்டேன், "அது பெரிய பிரிவு சார்" என்று முடித்துவிட்டார். வசதியான விதி.

15 மார்ச்

பொம்மனையும் பெள்ளியையும் முதல்வர் அழைத்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்திருக்கிறார். முகாம்களில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் ஒரு லட்சம் அறிவிப்பு. நல்ல விஷயம்.

முதுமலைக்கு இந்தச் சனி ஞாயிறு கிளம்பலாம் என்று மூன்று பேர் திட்டம் போடுகிறீர்கள். அது வனத்துறை முகாம். ரகுவோடு செல்ஃபி எடுக்க வரிசை கட்டாதீர்கள்.

17 மார்ச்

"ரகுமானுக்குப் பிறகு ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர்கள்" என்ற ஃபார்வர்டு போட்டிப் பிரிவுகளைப் பொறுத்தவரை சரிதான். "இந்தியாவின் முதல் ஆஸ்கர்" என்ற இன்னொரு ஃபார்வர்டு தப்பு. 1983இல் காந்தி படத்தின் உடைகளுக்குப் பானு அத்தையா வாங்கினார். 1992இல் சத்யஜித் ராய்க்குக் கௌரவ விருது. 2009இல் ரகுமானுக்கு இரண்டு, குல்சார், ஒலிக்கு ரசூல் பூக்குட்டி. காந்தியும் ஸ்லம்டாக் மில்லியனரும் பிரிட்டிஷ் இயக்குநர்களின் படங்கள். இந்தியத் தயாரிப்பாகப் போய் வாங்கியவை என்றால் ஆர்ஆர்ஆரும் யானைப் படமும்தான்.

தமிழில் பாடி நாமினேஷன் வரை போனவர் பாம்பே ஜெயஸ்ரீ, லைஃப் ஆஃப் பை படத்தின் தாலாட்டுக்கு, 2013இல். அந்த வருடம் ஸ்கைஃபால் இருந்தது, வாய்ப்பில்லை. அப்போதும் நான் "கண்டிப்பாக வரும்" என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தாலாட்டு எனக்குப் பிடித்திருந்தது.

கோயம்புத்தூர் முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரம் வரும் படமும் ஆஸ்கர் வாங்கியதே என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், பீரியட் எண்ட் ஆஃப் சென்டன்ஸ், 2019, இதே ஆவணக் குறும்படப் பிரிவு. குனீத் மோங்கா அதிலும் இருந்தார். ஆனால் இயக்குநரும் பணம் திரட்டிய பள்ளி மாணவிகளும் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள், ஆகவே மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.